மேடையில் எரியக்கூடியவை

1

பொங்கலை ஒட்டி டெல்லியில் எங்கள் குழுவின் நாடகம் நடந்து முடிந்தது. எதுவும் தீப்பிடிக்கவில்லை. யாருக்கும் ஒரு சின்னக் கொப்புளம்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் குறிப்பு முழுக்க நெருப்பைப் பற்றியது. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பாதியில் பதறிப்போய் கோபியில் இருக்கும் என் தங்கை மல்லிகாவுக்குப் போன் போட்டுவிடக் கூடாது. டெல்லியில் மழை பெய்கிறது என்று டிவியில் சொன்னாலே என்னைக் கூப்பிட்டு விசாரிக்கிறவள் அவள்.

நான் லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கட்டட வரைபடம் போடுகிறவள். கல்யாணத்துக்கு முன்னாலேயே தேர்வெழுதி, வேலை கிடைத்து, ரயிலேறி வந்தவள். ரெண்டு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது ஓய்வு பெறும் வயதே வந்துவிட்டது. கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் வீடு. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. மகன் அருண் குருகிராமில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். மெட்ரோ பிடித்தால் வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனாலும் கோபியிலிருந்து மல்லிகா வருவதைவிட அவன் வருவது அரிது.

வீட்டில் நான் பேசுவது காய்கறி வண்டிக்காரரிடம் இந்தி, அலுவலக போனில் இங்கிலீஷ், அருணிடம் எல்லாம் கலந்த ஒன்று. தமிழை முழுசாகப் பேசும் இடம் நாடகக் குழு மட்டும்தான். மொத்தமே ஒரு வேனில் அடங்கிவிடும் ஆட்கள். பாதிப்பேர் என்னைப் போல அரசாங்க ஆட்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். மீதி, நொய்டாவிலும் குருகிராமிலும் வேலை பார்க்கும் இளசுகள். மந்திர் மார்க் பக்கம் இரவல் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒத்திகை, வருடத்துக்கு ஒரு நாடகம். அதற்குச் செட் போடுகிறவள் நான். கோடு போடத் தெரிந்தவள் என்பதால் என் தலையில் கட்டினார்கள். எனக்கும் அது பிடித்துப்போய்விட்டது.

2

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. செட் போட்டவர் கையால்தான் கற்பூரம். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. நாடகம் தொடங்கும் முன், மூடிய திரைக்குப் பின்னால், மேடையிலேயே ஒரு ஸ்டூலில் பிள்ளையார் படம் வைப்போம். தேங்காய் உடைத்ததும் தட்டில் கற்பூரம் ஏற்றி, செட் போட்டவர் கையில் கொடுப்பார்கள். அவர் பிள்ளையாருக்குக் காட்டிவிட்டு, அதே தட்டோடு செட்டைச் சுற்றி வருவார். தூணுக்குத் தூண், கதவுக்குக் கதவு காட்டுவார். பிறகு எல்லோரும் ஒற்றிக்கொள்வார்கள். அப்புறம்தான் மணி அடிக்கும், திரை விலகும்.

என் கணவர் இறந்த வருடம் நாடகத்துக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த வருடம் செட் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு, பூஜை நேரத்தில் ஓரமாக ஒதுங்கி நின்றேன். எங்கள் இயக்குநர் சேஷாத்ரி சார் கும்பகோணத்துக்காரர். அமைச்சகம் ஒன்றில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆசாரமானவர், வெங்காயம்கூடச் சாப்பிடமாட்டார். அவர் என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கத்தினார்: “வசந்தா மேடம், எங்க போய் நிக்கறேள்? நேரமாறது, ஜல்தி!” தட்டை என் கையில் திணித்தார். அவர் யோசித்துச் செய்தாரா, அவசரத்தில் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் முகம் சுளிக்கவில்லை. தட்டோடு செட்டைச் சுற்றி வந்தேன்.

அதே வருடம் கோபியில் மல்லிகா மகளுக்குக் கல்யாணம். சீர் செய்யும் நேரத்தில் பெண்கள் கூடி நின்றபோது, ஒரு பெரியம்மா என் தோளைத் தொட்டு, “கண்ணு, நீ அப்படிச் சித்த உக்காரு, காலு வலிக்குமில்ல” என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார். எனக்குக் கால் வலிக்கவில்லை. அவருக்கும் அது தெரியும். அன்பாகத்தான் சொன்னார், அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை.

இப்போதெல்லாம் மல்லிகா போனில் கேட்கிறாள். “அங்க உனக்கு என்னக்கா இருக்குது? ரிட்டயர் ஆனதும் வந்துரு. மேல்வீடு சும்மாதான் கெடக்குது.” எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று அவளிடம் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள். வருடத்தில் ஒரு நாள், ஒரு தட்டு. அதற்காகத்தான் இங்கே இருக்கிறேன். அந்தச் சில நிமிடங்களில் நான் யாருடைய கெட்ட சகுனமும் இல்லை.

3

இந்த வருடம், நாங்கள் நாடகம் போடும் அரங்கத்தின் மேலாளர் சர்மாஜி ஒரு புதுக் காகிதம் நீட்டினார். எங்காவது தீ விபத்து என்று செய்தி வந்தால் போதும், டெல்லியில் எல்லா இடத்திலும் இப்படி ஒரு காகிதம் முளைத்துவிடும். கொஞ்ச நாளில் மறந்தும் போவார்கள். ஆனால் சர்மாஜி மறக்கிற ஆள் இல்லை. மேடையில் எரியக்கூடியவை என்னென்ன, எதனால் பற்றிக்கொள்ளும், பக்கத்தில் யார் இருப்பார்கள், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள், எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால்தான் சாவி. ‘ரிஸ்க் அசெஸ்மென்ட்’ என்று பெயர்.

சேஷாத்ரி சார் அதை மூக்குக்கண்ணாடி இல்லாமலேயே படித்துவிட்டு என்னிடம் கொடுத்தார். “இதெல்லாம் உங்க டிபார்ட்மெண்ட். நன்னா நாலு வரி எழுதிப் போட்டுடுங்கோ.”

நாலு வரியில் எழுத எனக்கு வராது. கட்டட வரைபடங்களில் வெளியேறும் வழிக்குப் பச்சை அம்புக்குறி போட்டுப் போட்டே என் கண்ணில் பாதி போய்விட்டது. அந்த அம்புக்குறியை மறைத்து அலமாரி வைக்கிற அதிகாரிகளோடு மல்லுக்கட்டியவள் நான். உட்கார்ந்து எங்கள் செட்டை ஒரு வேற்றாள் மாதிரி பார்த்தேன். தலை சுற்றியது. இத்தனை வருடம் நாங்கள் மேடையில் கட்டிவைத்திருந்தது வீடு இல்லை, அடுப்பு.

தூண்கள் எல்லாம் தெர்மோகோல். பற்றிக்கொண்டால் உருகிச் சொட்டும், சொட்டுகிற ஒவ்வொரு துளியும் எரியும். சுவருக்குப் பதிலாக ஆளுக்கொரு வீட்டிலிருந்து கொண்டுவந்து தொங்கவிட்ட பழைய சேலைகள், அவற்றை உரசிக்கொண்டு சுடச்சுட விளக்குகள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொன்று, அதில் மூன்றாவது. குளிர் தாங்காமல் ஒப்பனை அறையில் கம்பி ஹீட்டர், அதன் முன்னால் முந்தானையைத் தொங்கவிட்டபடி குளிர்காயும் பெண்கள். பக்கவாட்டுக் கதவை அடைத்துக்கொண்டு எங்கள் நாடகக் கட்டில்.

ஒத்திகையில் இதையெல்லாம் வாசித்தபோது சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. தெர்மோகோல் கூடாது, மரச்சட்டத்தில் பருத்தித் துணி சுற்றலாம் என்றேன். கட்டில் இடம் மாறட்டும், ஹீட்டர் வேண்டாம், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பூஜையறைக் காட்சியில் வரும் ஊதுபத்தியை அடித்து நீக்கினேன். கடைசியாக, நித்யாவின் அகல்விளக்கிலும் கை வைத்தேன்.

நித்யா நொய்டாவில் டிவி சேனல் ஒன்றில் வேலை பார்க்கிற பெண். இந்த நாடகத்தில் அவள்தான் தாய். கடைசிக் காட்சியில் விளக்கேற்றி, காற்றில் அணையாமல் கையால் பொத்தி எடுத்துவர வேண்டும். நன்றாகச் செய்துகொண்டிருந்தாள்.

“பேட்டரி விளக்கு தரேன்” என்றேன்.

“ஆண்ட்டி, பேட்டரிக்கு யாராவது கை பொத்துவாங்களா? பாக்கறவங்க சிரிப்பாங்க.”

“உன் சேலை சிந்தெடிக். பிடிச்சா உடம்போட ஒட்டிக்கும். சிரிச்சா சிரிக்கட்டும்.”

அவள் கண் கலங்கிவிட்டது. சேஷாத்ரி சார் பெருமூச்சு விட்டார். “சர்மாஜி காகிதத்துக்குப் பயந்து நாடகத்தையே அணைச்சுட்டேள் மேடம்.” ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். எனக்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பதை நான் அப்போது போதுமான அளவு யோசிக்கவில்லை.

4

துணியும் எரியத்தானே செய்யும்? அதற்கு ஒரு வழி உண்டு. போராக்ஸ் என்கிற வெங்காரத்தையும், கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரையும் வெந்நீரில் கரைத்து, துணியை அதில் ஊறப்போட்டுக் காயவைத்தால், நெருப்புப் பட்ட இடம் கருகுமே தவிர தீ பரவாது. பழைய டெல்லியில் மருந்துச் சரக்குக் கடையில் வெங்காரத்துக்கு இந்தியில் என்ன என்று தெரியாமல் முழித்து, கடைசியில் நகைக்கடைக்காரர்கள் பொன் உருக்கப் போடுவார்களே என்று கையால் காட்டிய பிறகுதான் கடைக்காரர் “அச்சா, சுஹாகா!” என்று எடுத்துக் கொடுத்தார்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பால்கனியில் உட்கார்ந்து சோதனை செய்தேன். ஊறவைத்த துணியில் கிழித்த துண்டுகளைக் குறடால் பிடித்து மெழுகுவத்தியில் காட்டுவது, நெருப்பை எடுத்ததும் அணைகிறதா என்று பார்ப்பது. எதிர் வீட்டு பஞ்சாபி அம்மாள் தன் பால்கனியில் கம்பளியைக் காயப்போட வந்தவர், நான் வரிசையாகக் கந்தல்களைக் கொளுத்துவதைப் பார்த்துவிட்டு மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் படியில் பார்த்தபோது, உடம்பெல்லாம் சுகம்தானே என்று என்னைக் கேட்டார்.

துண்டு கருகியது, தீ நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அருணைக் கூப்பிட்டேன்.

“வாவ் அம்மா, சூப்பர்” என்றான். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். “ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு, நான் படிக்கறேன். இங்கிலீஷ்லதானே எழுதியிருக்க? நாடகத்துக்கு நான் வரேன், பக்கா.”

ரிப்போர்ட்டைப் படித்தான், அது உண்மை. ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தி அனுப்பினான். நாடக அழைப்பிதழ் தமிழில் இருந்ததால் தேதியை மட்டும் தனியாகக் கேட்டான். நாடகத்தன்று காலையில், அவசர மீட்டிங், சாரி அம்மா என்று ஒரு செய்தி வந்தது. பழகிவிட்டது என்று எழுதலாம். பழகவில்லை.

5

நாடகத்தன்று சர்மாஜி மேடையை ஒரு சுற்று சுற்றி வந்தார். மணல் வாளி, தீயணைக்கும் சிலிண்டர், திறந்திருக்கும் பக்கவாட்டுக் கதவு எல்லாவற்றையும் பார்த்தார். என் காகிதத்தைத் தட்டிக்காட்டி, இந்த மாதிரி யாரும் எழுதித் தந்ததில்லை என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். செட் அழகாகவும் இருந்தது. வெள்ளைத் துணித் தூண்கள் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நிஜக் கல் மாதிரி நின்றன. நான் பட்டுச்சேலை கட்டியிருந்தேன். வருடத்தில் அன்று ஒரு நாள்தான் கட்டுவது.

திரை மூடியிருந்தது. அந்தப் பக்கம் கூட்டம் சேரும் சத்தம். குழு மொத்தமும் மேடைக்கு வந்து நெருக்கியடித்து நின்றது. ஸ்டூலில் பிள்ளையார் படம். தேங்காய் சரிபாதியாக உடைந்தது, எல்லோருக்கும் திருப்தி. சேஷாத்ரி சார் தட்டில் கற்பூரக் கட்டிகளை அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப்பையில் தீப்பெட்டியைத் தேடினார்.

“ஆண்ட்டி” என்றாள் நித்யா, பேட்டரி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு. “இது உங்க லிஸ்ட்ல இருக்கா?”

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. விளையாட்டாகத்தான் கேட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். சேஷாத்ரி சாரும் சிரித்தார். “அசடே, அது சாமி.”

எனக்கு மட்டும் காது அடைத்துக்கொண்டது. லிஸ்டில் இல்லை. ஊதுபத்தியை எழுதியிருந்தேன், அகல்விளக்கை எழுதியிருந்தேன், ஹீட்டரில் காயும் முந்தானையைக்கூட எழுதியிருந்தேன். கற்பூரத்தை எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்து விடவில்லை. நினைவுக்கே வரவில்லை. எங்களில் ஒருவருக்கும் வரவில்லை. நாங்கள் யாரும் அதை நெருப்பாகப் பார்த்ததே இல்லை.

இப்போது பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு முழத்தில் அரங்கத்தின் பழைய வெல்வெட் திரை. அதை நான் வெங்காரத்தில் முக்கவில்லை. முன்னால் சிந்தெடிக் சேலைகளும் ஒட்டுத் தாடிகளும் தோளோடு தோள் உரச நிற்கின்றன. பக்கவாட்டுக் கதவை மறைத்துக்கொண்டு எங்கள் ஆட்களே நிற்கிறார்கள். நடுவில் நான், திறந்த தீயைக் கையில் ஏந்தித் துணித் தூண்களுக்கு நடுவே நடக்கப்போகிறவள். இதையே இன்னொரு குழு செய்து, அதன் வரைபடம் என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். சில நிமிடங்கள்தான். இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எதிரே அந்தப் பெண் பேட்டரி விளக்கோடு நிற்கிறாள். அவள் கையிலிருந்து நெருப்பைப் பிடுங்கிவிட்டு என் கையில் மட்டும் வைத்துக்கொண்டால், நான் எழுதியதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

“சார், பத்த வைக்காதீங்க” என்றேன். “இங்க வேண்டாமுங்க. வாசல்ல வெச்சுக்கலாம்.”

சிரிப்பு நின்றது. சேஷாத்ரி சார் தீக்குச்சியை உரசப் போனவர் அப்படியே நின்றார். “என்ன மேடம் இது? இத்தனை வருஷமா நீங்கதானே காட்டறேள்?”

“அதனாலதான் நானே சொல்றனுங்க.”

அவர் முகத்தில் கோபம் வந்து, போய், வேறென்னவோ வந்தது. “சரி, வாங்கோ” என்று பிள்ளையார் படத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தட்டோடு நான் பின்னால் போனேன். என் கையில்தான் தட்டு இருந்தது. இடம்தானே மாறுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

6

வாசலில் நல்ல குளிர். பார்க்க வந்தவர்கள் மஃப்ளரும் சால்வையுமாகக் கூடி நின்றார்கள். பிள்ளையாரைக் கண்டதும் விலகி வழிவிட்டார்கள். யாரோ மணி கொண்டுவந்தார்கள். நடிகர்களின் வீட்டு மாமிகள், குழந்தைகள், அலுவலக நண்பர்கள் என்று ஒரு கல்யாண வாசல் மாதிரி ஆகிவிட்டது. சேஷாத்ரி சாரின் மனைவி கோமதியும் இருந்தார். எனக்கு நல்ல சிநேகிதி. பக்கத்தில் அவருடைய அக்கா, சென்னையிலிருந்து நாலு நாள் வந்திருப்பவர்.

சேஷாத்ரி சார் கற்பூரத்தை ஏற்றினார். என் கையிலிருந்த தட்டில் தீ எழும்பியது. அந்த அக்கா என் நெற்றியைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, மிகவும் மென்மையாகத் தட்டின் விளிம்பைப் பிடித்தார்.

“இப்படிக் கொடுங்கோ. நீங்க பாவம், காலம்பரலேந்து வேலை பண்ணிண்டிருக்கேள். கோமதி, நீ காட்டேன்டி.”

நான் விட்டுவிட்டேன். இழுத்துப் பிடித்தால் தீ யார் மேலாவது விழும். அப்படித்தான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். கோமதி ஒன்றும் யோசிக்காமல் தட்டை வாங்கிக்கொண்டார். சேஷாத்ரி சார் கண்ணை மூடி ஸ்லோகம் சொல்லிக்கொண்டிருந்தார். குழுவில் யாரும் கவனிக்கவில்லை. அவரவர் வசனக் கவலை அவரவருக்கு. திரைக்குப் பின்னால் நாங்கள் வெறும் குழு. வாசலில் நின்றது ஊர். நான் விட்டு வந்ததாக நினைத்த ஊர்.

கோபம் வந்தது. அந்த அம்மாள் மேல் இல்லை, அவர் யாரோ. என் மேல்தான், என் காகிதத்தின் மேல்தான். அந்தக் காகிதத்தில் ஒரு வரியும் தப்பில்லை. இன்னொரு முறை அதே இடத்தில் நின்றாலும் அதையேதான் சொல்வேன். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“செட்டைப் பாத்துக்கறேன்” என்று யாரிடமோ சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

மேடையில் ஒருவரும் இல்லை. ஓரத்தில் ஒரே ஒரு விளக்கு எரிந்தது. என் தூண்கள் நின்றன, என் கதவு நின்றது. வெளியே மணிச்சத்தமும் கோமதியின் குரலும் கேட்டன. பாடுகிறார், நன்றாகவே பாடுகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். இந்தச் செட்டுக்கு மட்டும் இந்த வருடம் யாரும் எதையும் காட்டவில்லை.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. இரண்டு கைகளையும் தட்டு பிடிக்கிற மாதிரி சேர்த்து வைத்துக்கொண்டேன். முதல் தூணுக்கு முன்னால் நின்று கைகளை மூன்று சுற்று சுற்றினேன். அடுத்த தூணுக்குப் போனேன். அதற்கும் சுற்றினேன். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. கைகள் இரண்டும் அந்த இல்லாத தட்டில் இருந்தன.

“குச் டூண்ட் ரஹீ ஹைன், மேடம்?”

ஏதாவது தேடுகிறீர்களா என்று கேட்டபடி அரங்கத்தின் லைட்மேன் பக்கவாட்டுக் கதவில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“நஹீ பையா” என்றேன். கை அப்படியே நின்றது. “செக்கிங்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார். சர்மாஜி என் காகிதத்தைப் பற்றி அவரிடமும் சொல்லியிருக்க வேண்டும். “கர் லீஜியே, மேடம்” என்றார் மரியாதையாக. செய்து முடியுங்கள் என்று அர்த்தம். கதவோரச் சுவிட்சுப் பலகையில் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு, அங்கேயே காத்திருந்தார்.

மிச்சமிருந்த தூண்களுக்கும், கதவுக்கும், அவர் முன்னாலேயே சுற்றி முடித்தேன்.